பாஸ்தா பெட்டி: காய்க்கு முழு மார்க், மற்றதற்கு யோசிக்கணும்

சமையலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அளந்து பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்புகிற சேவைகள் இங்கே இங்கிலாந்தில் நாலைந்து இருக்கின்றன. அதில் ஒன்றில் (பெயர் வேண்டாம்) முதல் பெட்டி பாதி விலை என்று போட்டிருந்ததால் ஜூன் முதல் வாரம் சேர்ந்தேன். எடுத்தது வசந்த காலக் காய்கறி பாஸ்தா. இரண்டு பேருக்கு முழு விலை 15 பவுண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காய் பிரமாதம். ஆஸ்பரகஸ் (இளந்தண்டையே சாப்பிடுகிற காய்கறி) தண்டை வளைத்ததும் டப்பென்று ஒடிந்தது, வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அதே சோதனைதான். இந்த ஊர் ஆஸ்பரகஸ் ஏப்ரல் 23 வாக்கில் ஆரம்பித்து ஜூன் 21-ஓடு முடியும் என்பது கணக்கு. அதற்கு மேல் வெட்டாமல் விட்டால்தான் செடி தழைத்து அடுத்த வருஷத்துக்கு வேரில் சத்து சேர்க்கும். மற்ற மாதங்களில் கடையில் இருப்பது பெரும்பாலும் பெரு மாதிரி தூரதேசத்துச் சரக்கு, வெட்டின நேரத்திலிருந்தே இனிப்பு இறங்கத் தொடங்கிவிடும் காய் அது, வந்து சேரும்போது சக்கைதான் மிஞ்சும். (நம் ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே இனம்தான், ஆனால் அதைச் சொல்லி வீட்டில் யாரையும் சாப்பிட வைக்க முடியவில்லை.) பச்சைப் பட்டாணியும் பிரமாதம்தான், உரிக்கும்போதே பாதி வாய்க்குள் போய்விட்டது.

அப்புறம் சமையல் அட்டை. ‘20 நிமிடம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பிராட் பீன்ஸுக்கு (மொச்சை மாதிரி ஒரு காய்) அதில் இருப்பது ‘தோல் நீக்கவும்’ என்ற இரண்டே சொல். என்ன செய்யணும் தெரியுமா? காயை உரித்து, கொட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பிதுக்கணும். நான் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, வந்திருந்த மாமியார் (கிருஷ்ணகிரிக்காரர்) “இது பிதுக்கம்பருப்புதானே மாப்பிள்ளை, இப்படிக் குடுங்க” என்று வாங்கிக்கொண்டார். மொச்சை பிதுக்கிப் பழகிய விரல், கட்டைவிரலால் ஒரு அழுத்து, மேல்தோல் அவர் கையில் நிற்கும், பளிச்சென்ற பச்சைப் பருப்பு கிண்ணத்தில் விழும். அவர் கை இருந்தும் 35 நிமிஷம் ஆனது. அரைக் கிலோ காய்க்கு ஒரு சின்னக் கிண்ணம்கூடத் தேறவில்லை.

பாஸ்தாதான் ஏமாற்றம். வழவழவென்று மஞ்சளாக மின்னியது. வெண்கல அச்சில் பிழிந்த பாஸ்தாவைத் தொட்டால் சொரசொரப்பாக, மாவு பூத்த மாதிரி இருக்கும், அந்தச் சொரசொரப்பில்தான் சாஸ் ஒட்டும். நான் பெட்டியில் வந்ததை ஓரமாக வைத்துவிட்டு வீட்டில் கிடந்த கிரான்யானோ (வெண்கல அச்சுப் பாஸ்தாவுக்குப் பேர்போன இத்தாலிய ஊர்) பாக்கெட்டைப் பிரித்தேன். இன்னொன்று, பாஸ்தா வெந்த தண்ணீரை எடுத்து வைக்கச் சொல்லி அட்டையில் ஒரு வரி இல்லை. அந்த உப்புக் கஞ்சித் தண்ணீர் ஒரு டம்ளர், வெண்ணெய், சீஸ், எலுமிச்சை, இவ்வளவுதான் இந்த சாஸே! அதைக் கொட்டிவிட்டால் வறட்டு நூடுல்ஸ்தான் கிடைக்கும். பாஸ்தாவை இரண்டு நிமிஷம் முன்னாலேயே எடுத்து, மீதி வேக்காட்டை வாணலியில் காயோடு சேர்த்து முடியுங்கள்.

அட்டையின் பின்பக்கம் இத்தாலியப் பாட்டி கதை வேறு. பாஸ்தா பிரிமவேரா (இந்த வசந்த காலக் காய்கறி பாஸ்தாதான்) பேர் வாங்கினதே 1970-களில், நியூயார்க்கின் லெ சிர்க் உணவகத்தில். சரி, அதை விடுங்கள்.

விட முடியாதது சீஸ். பாக்கெட்டில் வந்தது பார்மெஜானோ, அதாவது இத்தாலிய பார்மெசான் சீஸ். மாமியார் சுத்த சைவம். இந்த சீஸுக்குப் பாலைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட் என்ற நொதி போட்டுத்தான் திரிய வைப்பார்கள், வேறு வழியில் செய்தால் அந்தப் பேரே வைக்கக் கூடாது. நல்ல வேளை, தூவுவதற்கு முன்னால் பொடி எழுத்தைப் படித்தேன். அவர் தட்டுக்கு வெண்ணெயும் எலுமிச்சையும் மட்டும். சேவை மையத்தில் கேட்டால், “காய்கறி பாஸ்தா என்றுதான் போட்டோம், சைவம் என்று எங்கேயும் சொல்லவில்லையே” என்று பதில், கூடவே அடுத்த பெட்டிக்கு 3 பவுண்டு தள்ளுபடி. வீட்டில் சைவக்காரர் இருந்தால், ரென்னெட் விலங்கிலிருந்து வராத, சைவ முத்திரை போட்ட சீஸ் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், அதைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ருசி? மூன்று பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம், அதில் பொய் இல்லை. ஆனாலும் அடுத்த நாளே சந்தாவை நிறுத்திவிட்டேன். 15 பவுண்டுக்கு இதே காயைச் சனிக்கிழமைச் சந்தையில் வாங்கி, நல்ல பாஸ்தாவும் வாங்கி, நாலு பேருக்குச் சமைக்கலாம். ஆஸ்பரகஸ் இன்னும் இரண்டு வாரம் இருக்கும். மாமியார் பிராட் பீன்ஸ் மட்டும் இரண்டு கிலோ வாங்கிவரச் சொல்லியிருக்கிறார், குழம்புக்கு.