பிள்ளை தூக்குற கை: பாளையங்கோட்டைல மூணு வாரம்

டிசம்பர் கடைசில ஊருக்குப் போனது பாப்பாவுக்கு திருச்செந்தூர்ல மொட்டை போட்டு காது குத்தத்தான். ஆனா கூடவே வலது மணிக்கட்டு வலியையும் தூக்கிட்டுப் போனேன், பாப்பா பொறந்து ஒண்ணரை மாசத்துல ஆரம்பிச்சது, ஆறு மாசமா விடல. பெருவிரலுக்குக் கீழ, எலும்பு துருத்திக்கிட்டு இருக்குமே அந்த இடம், பாட்டில் மூடி திறந்தா சுரீர்னு முழங்கை வரைக்கும் ஏறும்.

நான் குடியிருக்குற யூகேல சும்மா இருக்கல. ஜிபிக்கு, அதாவது அங்க நம்ம ஏரியா குடும்ப டாக்டருக்கு, ஆன்லைன்ல ஃபார்ம் போட்டேன், ரெண்டு நாள் கழிச்சு ஒரு நர்ஸ் போன் பண்ணாங்க, நாலு கேள்வி கேட்டுட்டு இது டி குவெர்வெய்ன், அதாவது பெருவிரலை இழுக்குற தசைநாரோட உறை தடிச்சு வர்ற வலி, பிள்ளை பெத்தவங்களுக்கு சாதாரணமா வரும்னு சொல்லி ஒரு பிடிஎஃப் அனுப்பிட்டு பிசியோவுக்கு ரெஃபர் பண்ணாங்க. பிசியோ லெட்டர் வந்துச்சு, பதினோரு வாரம் வெயிட்டிங். உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அந்த போன் பேச்சுல நம்பிக்கையே வரல. கையைத் தொட்டுக்கூடப் பாக்காம எப்படிங்க சொல்ல முடியும்? அதனால ஊர்ல போய் நல்ல டாக்டரா பாத்துக்கலாம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

ஊர்ல டாக்டரைப் பாக்குறதுக்கு முன்னாடி வீட்ல இருக்குற டாக்டருங்களைத் தாண்டணும்ல. வாசல்ல நான் கையை உதறுறதைப் பாத்ததுமே ஆச்சி ஆரம்பிச்சுட்டா. "ஏட்டி, பேறுகால ஒடம்பு, பச்சத் தண்ணில கைய வைக்காதன்னு போன்லயே சொன்னேம்லா, கேட்டியா நீ?" மாமா சொன்னது புத்தூர் கட்டு. அது எலும்பு முறிவுக்குக் கட்டுறது மாமா, எனக்கு எங்கயும் விழவே இல்லன்னா, எல்லாத்துக்கும் கேக்கும்ங்கிறாரு. பக்கத்துத் தெருல சுளுக்கு எடுக்குற பாட்டிக்கிட்ட அம்மா கூட்டிட்டே போயிட்டாங்க, அந்தப் பாட்டி நல்லெண்ணெய் தடவி பெருவிரலைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்துச்சு பாருங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு, அன்னைக்கு ராத்திரி பாப்பாவை இடது கையாலதான் தூக்கினேன். பாட்டி காசு வாங்கல, வெத்தலை பாக்கு மட்டும் வாங்கிக்கிச்சு.

அடுத்து மெடிக்கல் ஷாப். கை வலின்னு சொன்னதுமே கையை உள்ள விட்டு ரெண்டு அட்டை எடுத்துப் போட்டுட்டாரு, டைக்ளோஃபினாக், பாரசிட்டமால், அது கூட வீக்கம் வத்துறதுக்குன்னு இன்னொண்ணு, மூணும் சேந்த மாத்திரை, வயிறு புண்ணாகாம இருக்க காலைல வெறும் வயித்துல ஒண்ணு. சீட்டு கேக்கல, பால் குடுக்குறீங்களான்னும் கேக்கல. தம்பிதான் ஜிபேல அனுப்பினான். ரெண்டு மாத்திரை போட்டேன், வலி குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் பயத்துல நிறுத்திட்டேன்.

சரின்னு ஒரு எலும்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டோம். பேர் வேணாம். சாயங்காலம் அஞ்சரைக்குப் போய் எட்டே காலுக்கு உள்ள கூப்பிட்டாங்க, உள்ள இருந்தது மூணு நிமிஷம். ஆனா அந்த மூணு நிமிஷத்துல ஒரு நல்ல வேலை பண்ணாரு, பெருவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லி மணிக்கட்டை சுண்டுவிரல் பக்கமா மெதுவா சாய்ச்சாரு, நான் அலறிட்டேன், வெளிய இருந்த அம்மாவுக்கே கேட்டுருச்சாம். "டி குவெர்வெய்ன்" அப்படின்னு எழுதினாரு. எனக்கு சிரிக்கவா அழவான்னு தெரியல, அந்த நர்ஸ் ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து போன்ல சொன்ன அதே பேரு.

அதோட விட்டாரா, எக்ஸ்ரே, யூரிக் ஆசிட், ஆர்ஏ ஃபேக்டர், கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சுகர்னு ஒரு நீள லிஸ்ட். சுகரும் தைராய்டும் பாக்கச் சொன்னது சரி, பிள்ளை பெத்த பிறகு தைராய்டு தடுமாறுறது உண்டுதான். எக்ஸ்ரே எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல. எங்கயாவது விழுந்து கையை ஊன்றியிருந்தா பெருவிரல் அடில இருக்குற சின்ன எலும்புல விரிசல் இருக்கான்னு பாக்கணும், அதுவும் சிலநேரம் முதல் பத்து நாள் எக்ஸ்ரேல தெரியாதுன்னு சொல்வாங்க. நான் விழவே இல்லையே. தசைநார் எக்ஸ்ரேல தெரியாது. எதிர்பாத்த மாதிரியே எலும்பு நார்மல்னு ரிப்போர்ட். ஃபீஸ் 500, டெஸ்ட் எல்லாம் சேத்து 3,400. "இன்னைக்கே ஊசி போட்டுரலாமா"ன்னு கேட்டாரு, நான் யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன்.

ஸ்கேன் சென்டர் அனுபவம்தான் இந்தப் பயணத்துலயே பாராட்ட வேண்டியது. யூகேல மாசக்கணக்குல காத்திருக்க வேண்டிய அல்ட்ராசவுண்ட், ஊர்ல காலைல போன் பண்ணி சாயங்காலம் போயாச்சு, 1,200 ரூவா. ஸ்கேன் பாத்த டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பி வச்சே விளக்குனாங்க. பாவாடை மடிப்புக்குள்ள நாடா ஓடுது பாருங்க, அந்த மாதிரி பெருவிரலை விரிக்கிற தசைநாரும் நிமித்துற தசைநாரும் ரெண்டும் சேந்து மணிக்கட்டுல ஒரு சின்ன உறைக்குள்ள ஓடுதாம். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இழுபட்டா அந்த மடிப்பு தடிச்சுப் போகும், நாடா உள்ள சிக்கும், அதுதான் வலி. எனக்கு உறை தடிச்சு சுத்தி கொஞ்சம் நீர் கட்டி இருந்துச்சு. சில பேருக்கு அந்த உறைக்குள்ளயே நடுவுல ஒரு சுவர் இருக்கும், தசைநார் ஒண்ணொண்ணும் தனித்தனி அறைல ஓடும், அவங்களுக்கு குத்துமதிப்பா ஊசி போட்டா ஒரு அறைக்குத்தான் மருந்து போகும், அதனால போடுறதா இருந்தா ஸ்கேன் பாத்துக்கிட்டே போட்டுக்கோங்கன்னாங்க. அந்தச் சுவர் எனக்கு இருந்துச்சு. அன்னைக்கே ஊசி போடாம வந்தது எவ்ளோ நல்லதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

இந்த நோய்க்கு அந்தப் பேரு ஃப்ரிட்ஸ் டி குவெர்வெய்ன்ங்கிற சுவிஸ் சர்ஜன் 1895ல எழுதி வச்சதால வந்ததாம். நம்ம ஊர்ல இதுக்கு ஒரே பேரு, நரம்பு. தசைநாரும் நரம்பு, ரத்தக்குழாயும் நரம்பு, நிஜ நரம்பும் நரம்பு. இதுல பெரிய குழப்பம் என்னன்னா எங்க சித்திக்கும் கை வலி, அவங்களுக்கு சுகர் இருக்கு, ராத்திரி பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் மதமதன்னு மரத்துப்போய் முழிப்பு வந்துரும், எந்திரிச்சு உதறினாத்தான் சரியாகும். "உனக்கும் எனக்கும் ஒரே வியாதிதாம்ளா"ன்னு என் மாத்திரையைக் கேட்டாங்க. இல்ல சித்தி, உங்களுக்கு மணிக்கட்டு உள்பக்கம் நடுவுல போற நிஜ நரம்பு அமுங்குது, எனக்கு ஓரத்துல இருக்குற தசைநார், எனக்கு மரத்துப்போறதே இல்லன்னு சொல்லிப் புரிய வைக்குறதுக்குள்ள போதும்னு ஆயிருச்சு. அவங்களை நரம்பு டாக்டர்கிட்ட போய் கரன்ட் வச்சுப் பாக்குற டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கேன்.

சித்தி கதைல இன்னொண்ணும் இருக்கு. அந்த எலும்பு டாக்டர் என் சீட்டுல ஸ்ப்ளின்ட்னு, கை அசையாம பிடிச்சுக்குற பட்டை, எழுதியிருந்தாரு, சர்ஜிக்கல் கடைல போய் கேட்டா மணிக்கட்டை மட்டும் பிடிக்குற பட்டையைக் குடுத்துட்டாங்க, 450 ரூவா. வீட்ல போட்டுப் பாத்தா பெருவிரல் ஜாலியா ஆடுது. எனக்கு ஆடக் கூடாததே அந்த விரல்தானே! திரும்பப் போய் கேட்டா கடைக்காரரு "எல்லாம் ஒண்ணுதான் மேடம், போட்டா பழகிரும்"னு சொல்றாரு, திரும்ப எடுக்கவும் மாட்டேன்னுட்டாரு. பெருவிரலையும் சேத்துப் பிடிக்குறது வேற கடைல 600க்கு கிடைச்சுது. முதல் பட்டை வீணாகல, சித்திக்கு ராத்திரி மணிக்கட்டை மடங்காம வச்சுக்க அதுதான் தோதா இருந்துச்சு, இப்ப அதைப் போட்டுத்தான் தூங்குறாங்க.

பிசியோவுக்கு முதல்ல போன இடத்துல மெழுகுல கையை முக்கி எடுத்தாங்க, கரன்ட் வச்சாங்க, பத்து நாள் பேக்கேஜ்னு 3,000 கேட்டாங்க. சுகமாத்தான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூக்கினதும் பழையபடி சுரீர். மதினி சொல்லி வண்ணாரப்பேட்டை பக்கம் மாடில ஒரே ஒரு ரூம்ல இருக்குற ஒரு பிசியோ பொண்ணுகிட்ட போனேன், என்னைவிட சின்ன வயசு. ரிப்போர்ட்டை ஓரமா வச்சுட்டு அது கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பாப்பாவை எப்படித் தூக்குவீங்க, தூக்கிக் காட்டுங்க."

தூக்கினேன். ரெண்டு கக்கத்துலயும் கையைக் குடுத்து, பெருவிரலை விரிச்சு, எட்டு கிலோவையும் அந்த ரெண்டு பெருவிரல்ல தாங்கித் தூக்குறேன். "ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவைக்கா?" எண்ணிப் பாத்தா நாப்பது தாண்டும். உள்ளங்கையை மேல பாத்த மாதிரி வச்சு, ஒரு கை முதுகுக்குக் கீழ, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழ குடுத்து, மணிக்கட்டை வளைக்காம, முழங்கையை மடக்கி அள்ளிட்டு வரணும்னு சொல்லிக் குடுத்துச்சு. பாப்பாவை வச்சே இருபது தடவை செய்ய விட்டுச்சு, பாப்பாவுக்கு அது ஒரே விளையாட்டு. பால் குடுக்கும்போது தலையை மணிக்கட்டால தாங்காம மடில தலகாணி வைக்கணும். அப்புறம் மெதுவா "ராத்திரி பால் குடுக்கும்போது போன் பாப்பீங்களா"ன்னு கேட்டுச்சு. பாப்பேன், அதே கை, அதே பெருவிரல். தேங்காய் துருவுறது, துணி பிழியுறது, இடியாப்ப உரலு இதெல்லாம் ஆறு வாரத்துக்கு வேற யாராவது செய்யட்டும்னுச்சு. அம்மா அதைக் கேட்டுட்டு எதுவும் பேசல, ஆனா அன்னைல இருந்து தேங்காயை மிக்சில போட்டாங்க. ஃபீஸ் 300, ரெண்டு தடவைதான் வரச் சொல்லுச்சு, மூணாவது தடவை வேணும்னா போன் பண்ணுங்கன்னுச்சு. யூகேகாரங்க பிடிஎஃப்ல இதெல்லாம் இருந்துச்சான்னு அன்னைக்கு ராத்திரி எடுத்துப் பாத்தேன். ரெண்டாம் பக்கத்துல ஒரு படமே இருக்கு. நான் அதைத் திறந்ததே இல்ல.

ஸ்ப்ளின்ட், தூக்குற விதம் ரெண்டுலயும் ரெண்டு வாரத்துல பாதி குறைஞ்சுது. மிச்சத்துக்கு கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்கேன் பாத்துக்கிட்டே ஸ்டீராய்டு ஊசி போட்டேன், 2,500 ரூவா, அந்த டாக்டர் பால் குடுக்குறதைக் கேட்டு, பரவால்ல போடலாம்னு விளக்கம் சொல்லிட்டுத்தான் போட்டாரு. அன்னைக்கு ராத்திரி வலி இன்னும் ஜாஸ்தி, பயந்துட்டேன், ரெண்டு நாள்ல அடங்கிருச்சு. சுகர் இருக்குறவங்களுக்கு இந்த ஊசிக்கு அப்புறம் சில நாள் சுகர் ஏறும், அதனால சித்தி மாதிரி ஆளுங்க முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிரணும். இதுக்கும் கேக்காதவங்களுக்கு அந்த உறையைக் கீறி விடுற சின்ன ஆபரேஷன் இருக்காம், எனக்கு அது தேவைப்படல.

ஸ்கேன் சிடி, ரிப்போர்ட், ஊசி மருந்து பேரு, தேதி எல்லாம் எழுதி வாங்கிட்டு வந்தேன், நீங்களும் கேட்டு வாங்குங்க, கேக்கலைன்னா யாரும் தர மாட்டாங்க. யூகே திரும்பி வந்து பிசியோ அப்பாயின்ட்மென்ட்ல அதைக் காட்டினப்போ அவங்களுக்கும் வேலை சுலபமாச்சு.

இப்ப மூணு மாசம் ஆகுது. ஊசி போட்ட இடத்துல மிளகு அளவுக்கு தோல் வெளுத்திருக்கு, இப்படி ஆகலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு, நம்ம நிறத்துக்கு நல்லாவே தெரியுது. வீடியோ கால்ல ஆச்சி அதைக் கண்டுபிடிச்சுட்டா, கண்ணாடியைப் போட்டு உத்துப் பாத்துட்டு, அதுக்கும் ஒரு எண்ணெய் பேரு சொன்னா.