காடா, காற்றடைத்த பங்கரா: முதல் பெயின்ட்பாலை எங்கே ஆடலாம்?

பெயின்ட் நிறைத்த உருண்டைகளைத் துப்பாக்கியால் சுட்டு, பட்டவரை அவுட்டாக்கும் ஆட்டம் பெயின்ட்பால். அதை ஆடலாம் என்று நாலு பேர் கூடிப் பேசினால் முதலில் வருவது “வலிக்குமா?” என்ற கேள்விதான். வலிக்கும், சுளீரென்று. சட்டென்று அடங்கிவிடும், பட்ட இடத்தில் வட்டமாக ஒரு கன்றல் மட்டும் சில நாள் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த மாதிரி மைதானம்?

மூத்தது காட்டு ஆட்டம். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில், ஹென்னிக்கர் ஊர்ப்பக்கக் காட்டில் 12 பேர் ஆடியதுதான் முதல் ஆட்டம். கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007; மரங்களிலும் மாடுகளிலும் பெயின்ட் அடையாளம் போடுவதற்காக வந்த துப்பாக்கி. வென்ற ரிச்சி ஒயிட் காடு பழகிய மனிதர். ஒரு உருண்டைகூடச் சுடாமல், ஆட்டத்தின் இலக்கான கொடிகளை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்! காட்டு ஆட்டத்தின் குணம் இன்றும் அதுதான். பதுங்கத் தெரிந்தவனுக்குச் சுடத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

இன்னொரு வகையான ஸ்பீட்பாலில் பதுங்கல் எல்லாம் எடுபடாது. திறந்த வெளி, பங்கர்கள் எனப்படும் காற்றடைத்த தடுப்புகள், இரு பக்கமும் ஒரே அமைப்பு. விசில் ஊதியதும் ஓட்டம். சில நிமிடத்தில் கதை முடிந்துவிடும். எலக்ட்ரானிக் மார்க்கர் (பெயின்ட்பால் துப்பாக்கி) நொடிக்கு 10 உருண்டை வரை அசராமல் தள்ளும். துப்பாக்கி மேல் 200 உருண்டை பிடிக்கும் டப்பாவான ஹாப்பர் 20 நொடியில் காலி என்றால் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் வாடகையைவிடப் பெயின்ட்தான் பர்ஸைக் கடிக்கிறது. பார்க்க அழகான ஆட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் புதிதாக வந்தவர் முதல் பங்கரை எட்டும் முன்பே அவுட்டாகி, மீதி நேரம் வலைக்கு வெளியே நிற்பார்.

ஆகவே முதல் தடவைக்கு என் ஓட்டு காட்டுக்கே. காட்டிலும் தொல்லை உண்டு. மெதுவாக நகர்ந்தாலும் வியர்வையில் மாஸ்க் உள்ளே ஆவி படியும். துடைக்க ஒரு நொடி கழற்றலாமே என்று கை போகும், போகவே கூடாது. நொடிக்கு ஏறத்தாழ 85 மீட்டர் வேகத்தில் வரும் உருண்டை கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நடுவரைக் கூப்பிட்டு, களத்துக்கு வெளியே போன பிறகே கழற்ற வேண்டும். ஆவி அவ்வளவாகப் படியாத இரட்டைக் கண்ணாடி மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வாங்குங்கள்.

இரண்டு ஆட்டத்துக்கும் பொதுவான எதிரி ஈரம். உருண்டையின் மேல்தோல் ஜெலட்டின், மருந்துக் கேப்ஸ்யூல் மாதிரி. சென்னை மாதிரிக் கடலோரக் காற்றில் பையைத் திறந்து வைத்தால் ஊதிப்போய்த் துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே உடையும். அப்புறம் குழலைத் துடைக்கும்வரை ஒரு குண்டும் நேராகப் போகாது. வேண்டியதை ஹாப்பரில் கொட்டியதும் பையைக் கட்டிவிடுங்கள்.

வீட்டுச் சிறுவர்கள் கூட வந்தால், வழக்கமான .68 அங்குல உருண்டைக்குப் பதில் .50 கிடைக்குமா என்று விசாரியுங்கள். சின்னது, அடியும் மெல்ல விழும். அதுவும் வேண்டாம் என்றால், உருண்டைக்குப் பதில் ஒளிக்கதிரால் சுடும் லேசர் டேக் இருக்கிறது. வலி பயம் இல்லாததால் அங்கே எல்லோரும் நட்டநடுவில் நின்றுகொண்டே சுடுவார்கள். ஏழு வயதுக்காரருக்கு அது போதும்.