நடக்க வைக்கும் திட்டத்தை யார் போடுவது?

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லிவிட்டது. அளவில் குழப்பமில்லை. அதை ஒரு குடியிருப்பில் நடத்திக் காட்டும் திட்டத்தை யார் போடுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

நிபுணர்களே போட்டுக் கொடுப்பது ஒரு வழி. வேலை சீக்கிரம் முடியும். இதய நோயாளி எவ்வளவு வேகமாக நடக்கலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பயிற்சி வகுப்பு எத்தனை மணிக்கு, எங்கே என்பதில் அவர்களுக்கும் ஊகம்தான்.

கருத்துக்கணிப்பு அடுத்தது. ஆயிரம் பேரைக்கூட எட்டலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். 'நடைபாதை வேண்டுமா?' என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தபோது, கருத்துக் கேட்பதோடு நிற்பதை நாலாவது படியில்தான் வைத்தார். முடிவெடுக்கும் உரிமை அதற்கும் மேலே இருக்கிறது.

மூன்றாவது, பயன்படுத்தப் போகிறவர்களும் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து போடுவது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 2005 வாக்கில், வாழ்க்கைச் சிரமத்தில் இருந்த பெண்களோடு இப்படித் திட்டமிட்டார்கள். நீச்சல்குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் கிடைத்தது அப்படித்தான். 'ஏன் வருவதில்லை?' என்ற கேள்விக்கான பதில் அந்த மேசையில்தான் வெளியே வரும்.

சரி, இதிலும் சிக்கல் உண்டு. மாதக்கணக்கில் இழுக்கும். கூட்டத்துக்கு ஓய்வுநேரம் உள்ளவர்களே வருவார்கள்; குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்காவிட்டால் தாய்மார்கள் வரமாட்டார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் வராத கூட்டம் வெறும் பேச்சாகவே போய்விடும். ஒருமுறை ஏமாந்த மக்களை மறுபடி கூப்பிடுவது ரொம்பக் கடினம்.

இருந்தாலும் இடம், நேரம், கட்டணம் மூன்றையும் இந்த மேசையில்தான் முடிவு செய்ய வேண்டும் என்பேன். பயிற்சியின் அளவை நிபுணரிடம் விடலாம். கருத்துக்கணிப்பை, வரைவு தயாரான பிறகு, வராதவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், முதல் கூட்டத்தை அறைக்குள் நடத்தாதீர்கள். இருட்டிய பிறகு எல்லோரும் சேர்ந்து அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். திருப்பத்தில் விளக்கு எரியவில்லை என்று ஒருவர் காட்டுவார். முழங்கால் வலி உள்ள பாட்டி, பாதி வழியில் உட்கார ஒரு திண்டு தேடுவார்.