கார் வாடகைப் பட்டியலில் ஆகக் குறைந்த விலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்

சிங்கப்பூரில் மாத வாடகைக்குக் கார் எடுக்கப் போகிறவர்கள், அதிலும் நம்மவர்கள் சேர்ந்து எழுதிவந்த கூகல் பட்டியலைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். அந்தப் பட்டியலில் ஆகக் குறைந்த வாடகை என்று மேலே நின்ற நிறுவனத்திடம்தான் நான் கார் எடுத்தேன். கட்டிய முன்பணம் 2,000 வெள்ளி. காரைத் திருப்பிக் கொடுத்தபோது கையில் தருவதாகச் சொன்னது 360 வெள்ளி.

2023 அக்டோபரில் ஏ பிரிவு சிஓஇ, அதாவது சிறிய கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், 106,000 வெள்ளியைத் தொட்டது. கார் வாங்கும் ஆசையை நிறைய பேர் அப்போதே மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். எனக்கு அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டும். தனியார் வாடகைக் கார் ஓட்டும் நண்பர்களுக்கோ வண்டிதான் பிழைப்பு. ஒரே ரகம், ஒரே வருடத்து வண்டிக்கு ஆளுக்கொரு விலை சொல்வார்கள். அதனால் அவரவர் கட்டும் வாடகையை ஓரிடத்தில் எழுதிவைப்போம், அடுத்து பேரம் பேசப் போகிறவர் வெறுங்கையோடு போக வேண்டாம் என்று தொடங்கியதுதான் அந்தப் பட்டியல். நல்ல காரியம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அதனால்தான் அதில் நடந்தது எனக்கு இத்தனை கோபத்தைத் தருகிறது.

கார் ரகம், நிறுவனம், மாத வாடகை, முன்பணம். பட்டியலில் இருந்தது அவ்வளவுதான். இணைப்பு கையில் இருந்தால் யாரும் எழுதலாம்.

1,550 வெள்ளி என்று போட்டிருந்தது. போய் உட்கார்ந்ததும் ஜிஎஸ்டி தனி என்றார்கள். 9 விழுக்காடு சேர்த்தால் 1,689 வெள்ளி 50 காசு. ஜிஎஸ்டிக்குப் பதிவுசெய்த நிறுவனம் பொதுமக்களுக்குக் காட்டும் விலையில் வரியும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. கேட்டால், "எல்லா கம்பெனியும் இப்படித்தான்ணே போடுறாங்க, நான் உங்களுக்கு வேற இடத்துல குறைச்சுத் தர்றேன்" என்றார் அந்த விற்பனைத் தம்பி. தமிழ்ப் பையன். அம்மாவின் உடம்பைப் பற்றியெல்லாம் விசாரித்தார். நம்ம பிள்ளை என்று தோன்றிவிடும், அப்படிப் பேசுவார்.

வண்டியைத் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடி கார் நிறுத்துமிடத்தில் ஒப்படைத்தார்கள். அப்போதுதான் கழுவியிருந்தார்கள், மேலெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரமான பெயின்டில் கீறல் கண்ணுக்குத் தெரியாது. இதை ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: துணி கொண்டுபோய்த் துடைத்துவிட்டுப் பாருங்கள், அல்லது காயும்வரை காத்திருங்கள். என் மனைவி பின்பக்க பம்பரைத் துடைத்துவிட்டுச் சுற்றி வந்து வீடியோ எடுத்தார். பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது அந்த வீடியோதான்.

ஒப்பந்தம் முடிந்து திருப்பிக் கொடுக்கும் நாளில் வேறு ஒருவர் வந்தார். கையில் மஞ்சள் சாக்குக் கட்டி. கைப்பேசி விளக்கை அடித்துக்கொண்டு குந்தியபடியே வண்டியைச் சுற்றி வந்தார். எங்கெங்கே விரல் நகத்தில் ஏதோ தட்டுப்பட்டதோ அங்கெல்லாம் ஒரு வட்டம். ஐந்து நிமிடத்தில் வண்டி முழுக்க மஞ்சள் வட்டம். அந்த ஒப்படைப்புத் தாளில் அங்கேயே கையெழுத்துக் கேட்டார். அதில் "வாடகையாளர் சேதங்களை ஏற்கிறார்" என்று ஒரு வரி இருந்தது. நான் போடவில்லை. "ஏற்கவில்லை" என்று கையால் எழுதி, தேதி போட்டு, படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு பில் வந்தது. இரண்டு சக்கர ரிம் 360 வெள்ளி, பின் பம்பர் பெயின்ட் 450, உள்ளே சுத்தம் செய்ய 120, நிர்வாகக் கட்டணம் 80, கூடுதலாக ஓடிய 2,100 கிலோமீட்டருக்கு 30 காசு வீதம் 630. மொத்தம் 1,640.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பலரும் மாட்டுவது இங்கேதான். ஒப்பந்தத்தில் இருந்தது ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர். எனக்கு அந்த அளவு வரவே இல்லை. ஆனால் அவர்கள் ஆண்டை மாதமாக உடைத்து, மாதம் 1,500 என்று வைத்து, தாண்டிய மாதங்களை மட்டும் கூட்டியிருந்தார்கள். வண்டி வீட்டுப் புளோக்கின் கீழேயே நின்ற மாதங்களைக் கணக்கில் எடுக்கவே இல்லை. சர்வீசுக்கு விட்டபோதெல்லாம் அவர்கள் மீட்டரைக் குறித்துவைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது. வரம்பு ஆண்டுக்கா மாதத்துக்கா, மிச்சமானது அடுத்த மாதத்தில் சேருமா என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் எடுத்த எடுப்பிலேயே கத்தினார்கள். அண்ணே என்று கூப்பிட்ட தம்பி எடுக்கவே இல்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியே பதிவுசெய்தேன். பயனீட்டாளர் என்றால் 5,000 வெள்ளிவரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. பொதுவாக 20,000 வெள்ளிவரை கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். சாலை விபத்தில் வண்டிக்கு வந்த சேதத்தை அது விசாரிக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சந்திப்பிலேயே வீடியோவைக் காட்டினேன். வண்டியை எடுத்த நாளே அந்த பம்பர் கீறல் பளிச்சென்று இருந்தது. பம்பர் 450, கிலோமீட்டர் 630 இரண்டையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். ரிம்முக்கு எங்களிடம் தெளிவான படம் இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

இதற்குப் பிறகுதான் பட்டியலை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கட்டத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்கு போட்டால் அதை யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டும். அந்த நிறுவனத்தின் வரிகள் எல்லாம் பெயரில்லாத ஒருவரால் ஒரே மாலையில் எழுதப்பட்டவை. வேறு நிறுவனங்களின் வாடகையை அதே மாலையில் கூட்டியும் எழுதியிருந்தார்கள். பட்டியலில் இரண்டு பெயரில் இருந்த "இரு நிறுவனங்களுக்கும்" பேநவ் வழியே பணம் அனுப்பும் நிறுவனப் பதிவெண்ணும் ஒன்றே. நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ரா ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் நிறுவனத்தின் உண்மைப் பெயரும், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதும் இலவசமாகவே தெரியும். வாடகைக்கு எடுக்கும் முன் செய்ய வேண்டியது இது. பாடுபட்டுச் சம்பாதிப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவ எழுதிவைத்த இடத்தில் புகுந்து தூண்டில் போட்டவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் நண்பருக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். "முழுக் காப்புறுதி" என்று சொல்லிக் கொடுத்த வண்டியில் விபத்து நடந்தால் சேதச் செலவில் முதல் 3,000 வெள்ளியை அவரே கட்ட வேண்டும், மலேசியாவில் என்றால் இருமடங்கு. ஜோகூர் போக நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் வேண்டும். வண்டிக்கு மலேசிய வாகன நுழைவு அனுமதி எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம்.

பட்டியலை மூடவில்லை, திருத்தி எழுதுகிறோம். எல்லாரும் பார்க்கலாம், எழுதுவது நாங்கள் மூன்று பேர் மட்டும். ஒப்பந்தத்தின் முதல் பக்கமோ பில்லோ காட்டினால்தான் ஒரு வரி சேரும். அனுப்பும்போது உங்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துவிடுங்கள். வரி சேர்த்த வாடகை, விபத்தில் நம் பங்கு, கிலோமீட்டர் வரம்பைக் கணக்கிடும் விதம், பாதியில் திருப்பினால் என்ன பிடிப்பார்கள் என்பதெல்லாம் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. கடைசிக் கட்டம் முன்பணத்தில் எவ்வளவு திரும்பி வந்தது, எத்தனை நாள் கழித்து வந்தது என்பது. அது நிரம்பாத நிறுவனத்துக்கு, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பட்டியலில் மேலே இடமில்லை.

இப்போதைக்கு அந்தக் கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலி. கடந்த இரண்டு ஆண்டில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள், பணம் முழுதாக வந்திருந்தாலும், இறுதிக் கணக்குத் தாளைத் தேடி எடுத்து அனுப்புங்கள். ஒழுங்காக நடந்துகொண்ட நிறுவனத்தின் பெயரும் அதில் ஏற வேண்டும்.