ஐந்து வருட வைரஸ் கார்ட்: குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் போதும்

போன கிழமை களுவாஞ்சிக்குடியில் ரியூசன் வகுப்பு நடத்தும் நண்பன் ஃபோன் எடுத்தான். "மச்சான், நீ பாவிக்கிற வைரஸ் கார்டை அரை விலைக்குப் போட்டிருக்காங்க. எடுக்கவா, வேணாமா?" வைரஸ் கார்ட் என்றால் கொம்பியூட்டரை வைரஸிலிருந்து காக்கும் மென்பொருள், அன்டிவைரஸ். ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் வாயைத் திறந்தால் கோபம்தான் முதலில் வந்திருக்கும். ஐந்து வருடம் கடைக்குக் காவல் இருந்த சாமானைக் கோபத்தில் திட்டுவது சரியில்லை என்று, மறுகா சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த மறுகாதான் இது.

மட்டக்களப்பு கல்லடியில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி, பிரிண்ட், டைப்பிங். மூன்று கொம்பியூட்டர், மூன்றிலும் காசு கொடுத்து வாங்கிய ஒரே வைரஸ் கார்ட். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் விளம்பரமும் ஆகலாம், வழக்கும் ஆகலாம்.

வாங்கிய கதையில் எனக்குப் பெருமை இல்லை. 2020இல் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றைக் காசு கட்டாமல் பாவிக்க, கிராக் போட்டு, அதாவது பூட்டு உடைத்த களவுப் பிரதியாக இறக்கினேன். விண்டோஸோடு இலவசமாக வருகிற வைரஸ் கார்டான டிஃபெண்டர் அதைத் தடுத்தது. கிராக்கோடு வந்த குறிப்பில் "முதலில் வைரஸ் கார்டை நிறுத்தவும்" என்று இருந்தது, நானும் நல்ல பிள்ளையாக நிறுத்தினேன். அரை மணித்தியாலத்தில் கல்யாண அல்பங்கள், பரீட்சைத் தாள்கள், கோவில் நோட்டீஸ்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் வால் ஒன்று முளைத்துவிட்டது. ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டொலர் கட்டு, 72 மணித்தியாலத்துக்குள் பேசினால் பாதி விலை, 490. கள்ளனும் டிஸ்கவுண்ட் கொடுக்கிறான்.

ஸ்டொப் அல்லது டிஜேவியு என்று சொல்லப்படும் ரான்சம்வேர் அது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கும் வைரஸ். எம்சிசொஃப்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட இலவச மீட்பு மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம். ஃபைல்களைப் பூட்டும்போது வைரஸுக்குத் தன் சேர்வரோடு பேச முடியாமல் போனால், தன்னிடம் இருக்கும் பொதுத் திறப்பால் (சாவியால்) பூட்டும். அப்படிப் பூட்டினவற்றை மீட்க வாய்ப்பு உண்டு. பேச முடிந்தால் உங்களுக்கென்று தனித் திறப்பு, அது அவர்களிடம் மட்டும். எந்த நாளும் கட்டாகிற என் இன்டர்நெட் அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக ஓடியது. பெக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் கொம்பியூட்டரிலேயே செருகி விட்டிருந்தேன், அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. காசு கட்டவில்லை. கட்டினாலும் தருவான் என்று என்ன நிச்சயம்?

அந்தப் பயத்தில்தான் இந்த வைரஸ் கார்ட். வாசலில் நின்றவனை நானே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, களவு போன பிறகு புதுக் காவல்காரனைச் சம்பளத்துக்கு வைத்த கதை.

சரி, நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பென்ட்ரைவ் பிடிப்பதில் இது கெட்டிக்காரன். எங்களிடம் வருகிற பென்கள் ஊரெல்லாம் சுற்றி வருபவை. கெம்பஸ் பிள்ளைகளின் அசைன்மென்ட், கச்சேரிப் படிவம், செத்த வீட்டு நோட்டீஸ், எல்லாம் ஒரே பென்னில். செருகியவுடன் தானாகப் பார்த்து, சோர்ட்கட் வைரஸைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். அந்த வைரஸ் உண்மையில் ஃபைலை அழிப்பதில்லை. உங்கள் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு சோர்ட்கட்டை வைக்கும். அதை அமுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் ஓடும். வைரஸ் கார்ட் சோர்ட்கட்டை அழித்ததும் பென் காலியாகத் தெரியும், பிள்ளைகள் அழுகிற நிலைக்கு வந்துவிடுவார்கள். கமாண்ட் புரொம்ப்டில் அட்ரிப் என்று தொடங்கும் ஒரு வரியை அடித்து மறைந்ததை வெளியே கொண்டுவந்தால், நான் ஏதோ மந்திரம் செய்தது போலப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளையின் இறுதி வருட ஆய்வு முழுவதும் அப்படி மீண்டு வந்தது. அடுத்த நாள் அவளுடைய தாய் ஒரு சட்டி தயிர் கொண்டுவந்து தந்தா. ஐந்து வருடத்தில் வைரஸ் கார்டால் எனக்குக் கிடைத்த ஒரே வருமானம்.

பழைய பாமினி எழுத்துருவின் விசைப்பலகை முறையில் யூனிகோட் தமிழ் அடிக்கும் பழைய குட்டி மென்பொருள் ஒன்றை இரண்டு முறை வைரஸ் என்று பிடித்துத் தனிமைப்படுத்தியது. கொரோனா காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். பெட்டிசன் அடிக்க ஆட்கள் வரிசையில் நின்ற நேரம். சரி, அதை மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது அந்த மூலைப் பெட்டி.

திரையின் வலது கீழ் மூலையில் வரும். "உங்கள் பாதுகாப்பு முடிய 60 நாள்." "உங்கள் கொம்பியூட்டரில் 214 குப்பைப் பிரச்சினைகள்." "விபிஎன் இல்லாமல் ஆபத்தில் இருக்கிறீர்கள்." காசு கட்டினவனிடம்தான் இந்தக் கதை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய காலத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு புதுப்பித்தேன், ஒரு மாதம்கூட வாயை மூடவில்லை. அமைப்புகளில் எல்லாவற்றையும் நிறுத்தியும் பார்த்தேன். அப்டேட் வந்ததும் திரும்ப வந்துவிடும்.

எரிச்சல் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். கடையில் எனக்கு உதவியாக இருப்பவள் தங்கச்சியின் மகள். போன நவம்பரில் அதே மூலையில், அதே சிவப்பில், ஒரு பெட்டி: "வைரஸ் கார்ட் காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும்." நான் சாமான் எடுக்க டவுனுக்குப் போயிருந்தேன். மாமா எந்த நாளும் இதைப் பற்றித்தானே புறுபுறுக்கிறார், கட்டிவிடுவோம் என்று அமுக்கி, கடையின் பேங்க் கார்ட் நம்பரையும் கொடுத்துவிட்டாள். பேங்கிலிருந்து ஓடிபி வந்தது. அந்தச் செய்தியில் இருந்த டொலர் தொகையைக் கண்டு கை நின்றது. அந்த ஒரு வரியை வாசித்ததால் தப்பினோம். பேங்க் கார்டை நிறுத்தி, புதியது வரும்வரை அலைந்ததோடு போயிற்று.

அந்தப் பெட்டி வைரஸே இல்லை. பாட்டு இறக்கும் ஏதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்க, யாரோ "அலவ்" கொடுத்திருக்கிறோம். அதன் பிறகு அந்தத் தளம் குரோம் வழியாக நினைத்ததையெல்லாம் மூலையில் காட்டலாம். குரோமின் அமைப்புகளில், தள அமைப்புகளுக்குள், அறிவிப்புகள் என்ற இடத்தில் பார்த்தால் அனுமதி பெற்றவற்றின் பட்டியல் இருக்கும். என்னுடையதில் பதினொன்று. அழித்துவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று பூட்டினேன். வைரஸ் கார்ட் நிறுவனத்துக்கும் அந்தக் கள்ளனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் சிவப்புப் பெட்டிக்கு எங்கள் கண்ணைப் பழக்கிவிட்டது யார்? கள்ளன் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தான், அவ்வளவுதான்.

டிசம்பரில் ஒரு கொம்பியூட்டரில் மட்டும் கழற்றிப் பார்த்தேன். வேறு வைரஸ் கார்ட் இருக்கும்வரை ஒதுங்கி நிற்கும் டிஃபெண்டர், அது போனதும் தானாக வேலைக்கு வந்தது. அதில் ஃபோல்டர்களுக்குக் காவல் போடும் வசதி ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத மென்பொருள் டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸுக்குள் எழுதப் போனால் தடுக்கும். நாமாகத் தேடிப்போய் இயக்கவேண்டும், முதல் கிழமை நம்முடைய மென்பொருளையும் தடுத்துத் தொல்லை தரும். பென்களையும் பிடிக்கிறது. கொஞ்சம் மெதுவாக.

டேட்டா முடிந்துவிடும் என்று விண்டோஸ் அப்டேட்டை வருடக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தவன் நான். 2017 மே மாதம் உலகத்தைப் பிடித்த வன்னாக்ரை என்ற ரான்சம்வேர், மார்ச்சிலேயே மைக்ரோசொஃப்ட் அடைத்துவிட்ட ஓட்டை வழியாகத்தான் பரவியது என்று பிறகு அறிந்துதான் புத்தி வந்தது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கடையின் பழைய ஐ3 இயந்திரத்துக்கு விண்டோஸ் 11 போகாது, அதை இன்டர்நெட்டில் இருந்து கழற்றிவிட்டு டைப்பிங்குக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பெக்கப் இப்போது இரண்டு டிஸ்க்கில், ஒன்று எப்போதும் வீட்டு அலுமாரியில். வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பும் போட்டாயிற்று. இதில் எதையும் வைரஸ் கார்ட் எனக்குச் செய்து தரவில்லை.

நண்பனுக்கு என்ன சொன்னேன்? எடு என்றேன். அவனுடைய வகுப்பில் நாற்பது பிள்ளைகள், நாற்பது பென். அவனுக்கு அட்ரிப்பும் தெரியாது, அமைப்புகளுக்குள் போகிற பொறுமையும் இல்லை. அரை விலைக்கு மோசமில்லை.

நான் புதுப்பிக்கவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மூலையில் பெட்டி வந்தால் இப்போதெல்லாம் மருமகள் தொடமாட்டாள். கொப்பி எடுக்க நிற்கிற ஆட்களையும் விட்டுவிட்டுக் கூப்பிடுவாள்: "மாமா, இஞ்ச வாங்க, இது மெய்யானதா, கள்ளனா?" நேற்றும் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன், மெய்யானதுதான். மூடு என்றேன்.