ஸ்டாக்ஹோமில் டாக்சி ஏறுமுன் கண்ணாடியில் உள்ள மஞ்சள் ஒட்டுத்தாளைப் படியுங்கள்

சுமார் நான்கு கிலோமீட்டர் தூர டாக்சிப் பயணத்துக்கு 676 குரோனா (சுவீடன் நாணயம்) கொடுத்தோம். இதில் சட்டப்படி திருட்டு என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு என்பதே இந்தப் பதிவை எழுதக் காரணம். கோடை முடியும் நாட்களில் அந்நகருக்குச் செல்லத் திட்டமிடுவோர், எங்களைப் போல் விடுதிக்கு வந்த பிறகு அல்லாமல், காரில் ஏறுமுன்பே இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மனைவி, அம்மா, நான் என மூவர் சென்றிருந்தோம். வெயில் சுடாது, கூட்டமும் சற்றுத் தணிந்திருக்கும் என்பதால் அது நல்ல பருவம். அதில் ஏமாற்றம் எதுவுமில்லை. அன்று காலை யூர்கோர்டன் தீவில் வாசா கப்பலைப் பார்த்தோம். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே சுமார் 1,300 மீட்டர் மட்டும் சென்று கவிழ்ந்து, 333 ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்து, 1961-இல் மேலே தூக்கப்பட்ட கப்பல் அது. மதியத்துக்கு மேல் ஸ்ட்ரோம்காயன் படகுத்துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் வாக்ஸ்ஹோல்ம் சென்றோம். அங்கே ஒரு வீட்டுத் தோட்டத்தில், நிலா முகம் வரைந்த காகித விளக்குகளைத் தொங்கவிட்டு, சதகுப்பைத் தழை போட்டு வேகவைத்த நன்னீர் இறாலை ஒரு குடும்பமே கழுத்தில் துணி கட்டிக்கொண்டு உண்டுகொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதத்துக்கே உரிய விருந்தாம். அம்மா வெகுநேரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

திரும்பி வந்து இறங்கியபோது இருட்டி, மழையும் பிடித்துக்கொண்டது. எங்கள் விடுதி சோடெர்மால்ம் தீவின் மேற்கு ஓரத்தில், ஹோர்ன்ஸ்டுல் பக்கம் இருந்தது. சிறிது தூரம் நடந்தால் குங்ஸ்ட்ரெட்கோர்டன் மெட்ரோ நிலையம். அங்கிருந்து ஒரு நிறுத்தம் சென்று சிவப்பு வழித்தடத்துக்கு மாறியிருந்தால் போதும். அம்மாவின் முழங்கால் வலியை எண்ணி, எதிரே நின்ற காரைக் கை காட்டினேன். மஞ்சள் எண் பலகை, கூரையில் டாக்சி விளக்கு, உள்ளே ஓட்டுநரின் புகைப்பட அட்டை என எல்லாம் முறையாகவே இருந்தன. எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, மீட்டர்படிதான் என்றார். மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது; என் தவறு அந்த இடத்தில்தான் தொடங்கியது.

ஏனெனில் மீட்டரில் எந்த விலை ஓட வேண்டும் என்பதை அங்கே அரசு நிர்ணயிப்பதில்லை. 1990-இல் சுவீடன் டாக்சிக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது முதல் ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையைத் தானே வைத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாகச் சட்டம் முக்கியமாகக் கேட்பது இது: பத்துக் கிலோமீட்டர், பதினைந்து நிமிடப் பயணத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதைப் பெரிய எண்ணில் அச்சிட்டு, வெளியிலிருந்து தெரியும்படி பின்கதவுக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அதை 'யெம்ஃபோர்பிரீஸ்' என்கிறார்கள்; ஒப்பீட்டு விலை என்று பொருள். விலையைப் பார்த்து வண்டியைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு பயணியுடையது. வரிசையில் முதலில் நிற்கும் காரில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

விடுதி வாசலில் மீட்டர் 676 காட்டியது. அட்டை இயந்திரத்தை ஓட்டுநர் என்னிடம் நீட்டியபோது திரையில் குரோனா இல்லை, இந்திய ரூபாயில் தொகை இருந்தது. குரோனாவா, சொந்த நாட்டு நாணயமா என்று இயந்திரம் கேட்கும் கேள்விக்கு அவரே என் சார்பில் விடையை அழுத்தி முடித்திருந்தார். அசதியில் நானும் ரகசிய எண்ணை அழுத்திவிட்டேன். என் வங்கியின் மாற்று விகிதப்படி 5,450 ரூபாய் அளவில் முடிந்திருக்க வேண்டியது, 5,850-ஐத் தாண்டியது. "ஏம்ப்பா, ஒரு மணி நேரம் கப்பல்ல வந்ததுக்கே மூணு பேருக்கும் சேர்த்து இவ்வளவு ஆகலையே?" என்று அம்மா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இரவு மனைவி தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். காரில் ஏறுமுன், குடை பிடித்து நிற்கும் அம்மாவை அவர் எடுத்தது. அம்மாவின் தோளுக்குப் பின்னால், மழைத்துளி வழியும் கண்ணாடியில் மஞ்சள் தாள். பெரிதாக்கிப் பார்த்தால் 1180 என்று கட்டை விரல் அகல எழுத்து. கீழே சிறிய எழுத்தில் தொடக்கக் கட்டணம் 60, கிலோமீட்டருக்கு 70, மணிக்கு 1680. பன்னிரண்டு நிமிடம் ஓடிய பயணத்துக்குக் கூட்டிப் பார்த்தால் காசு பிசகாமல் 676 வருகிறது. மறுநாள் தெருவில் நின்ற வேறு இரண்டு நிறுவனங்களின் கார்களில் அதே இடத்தில் இருந்த எண் நானூறைக்கூடத் தொடவில்லை.

நிறுவனத்துக்கு ரசீதையும் படத்தையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். பத்தொன்பது நாள் கழித்து, விலை கண்ணாடியில் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஒப்பீட்டு விலை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், புறப்படும் முன்பே இதற்கு மேல் வாங்க மாட்டேன் என்ற தொகையை ஓட்டுநர் உறுதியாகச் சொல்லியாக வேண்டும் என்ற விதியைச் சுட்டிக்காட்டி மீண்டும் எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. ரூபாய் மாற்றத்தைப் பற்றி என் வங்கியிடம் முறையிட்டதும் பயன் தரவில்லை. அட்டைதாரருக்கு நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது என்று ரசீதின் அடியிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த ஊரில் பல இடங்களில் ரொக்கம் வாங்குவதே இல்லை என்பதால் அட்டை இயந்திரத்தை ஒரு நாளைக்குப் பத்து முறை தொட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் திரையில் குரோனா இருக்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணை அழுத்துங்கள். ரூபாய் தெரிந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

எஞ்சிய நாட்களில் டாக்சி என்ற பேச்சையே அம்மா எடுக்க விடவில்லை. ஸ்லுஸ்ஸனிலிருந்து யூர்கோர்டனுக்குச் செல்லும் சிறு படகில்கூட மெட்ரோ, பேருந்துக்கான சாதாரணப் பயணச்சீட்டே செல்லும். 75 நிமிடத்துக்குள் எத்தனை முறையும் மாறிக்கொள்ளலாம். ஊர் திரும்பும் அதிகாலையில் மட்டும் பெட்டிகளோடு வேறு வழியில்லாமல் ஒரு டாக்சியை அழைத்தோம். ஆர்லாண்டா விமான நிலையத்துக்கு நிலையான கட்டணம் எவ்வளவு என்று நான் ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி பின்கதவுப் பக்கம் சென்று கண்ணாடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.