வீட்டு முற்றத்துக்குப் புன்னையா, வசம்பா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர வீடுகளில் நிழலுக்கு முதல் மதிப்பெண் புன்னைக்குத்தான். உப்புக்காற்றும் மணலும் அதை அசைக்காது. இலை தடித்துப் பளபளப்பாக இருக்கும். ஆண்டு முழுக்கப் பச்சை. குறை ஒன்று, மெதுவாகத்தான் வளரும். இரண்டு வருடத்தில் நிழல் வேண்டுமென்றால் இது உங்களுக்கான மரம் அல்ல.

கன்று வாங்கும்போது பையின் அடியைப் பாருங்கள். வேர் சுருண்டு வட்டமடித்திருந்தால் வாங்கவே வேண்டாம். பின்னாளில் காற்றில் சாய்வது அத்தகைய மரம்தான். இரண்டடிக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய சாணம் கலந்து, சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளி நடவும். ஜூன் மழையிலும் நடலாம், ஐப்பசியிலும் நடலாம். இரண்டு பருவமழையும் கிடைப்பது நம் மாவட்டத்தின் கொடுப்பினை. கொட்டை நச்சுத்தன்மை உள்ளது, குழந்தைகள் வாயில் வைக்காமல் கவனிக்கவும்.

வசம்பின் சங்கதி வேறு. கிணற்றடியில் கழிவுநீர் தேங்கி எப்போதும் சேறாகக் கிடக்கும் மூலைக்கு இதைவிடப் பொருத்தமான செடி அரிது. முளையுள்ள கிழங்குத் துண்டை இரண்டு அங்குல ஆழத்தில், ஓரடி இடைவெளியில் புதைத்தால் போதும். சேறு காய்ந்தால் முதலில் இலைநுனி கருகும். சோப்புநீர் நேராக விழும் இடமும் ஆகாது. பக்கவாட்டில் பரவும் என்பதால் ஓட்டையில்லாத தொட்டியில் வைப்பது நல்லது. தண்ணீர் மேலே தேங்கினால் கொசு வரும். மண் மட்டத்துக்கு மேல் நிற்க விடாதீர்கள்.

கடலோர மணல் வீட்டில் வசம்புக்குச் செலவழிப்பது வீண். வயலோர வீட்டுக்கு இரண்டும் வாங்கலாம். புன்னை மேட்டில், வசம்பு பள்ளத்தில்.